புகார் நின்றுபோன பட்டறை

காரைக்குடியில் சில கடைகளில் 'வேலைக்கு ஆட்கள் தேவை' போர்டு வருஷம் முழுக்கத் தொங்கும். வெயிலில் எழுத்து வெளுத்துப்போனால் புதிதாக எழுதி மாட்டுவார்களே தவிர, கழற்ற மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இப்பல்லாம் யாருங்க நின்னு வேலை பாக்குறாக?" அதே தெருவில் பத்துப் பதினைந்து வருஷமாக ஒரே ஆட்கள் நிற்கிற கடையும் இருக்கும். இரண்டு கடைக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதலாளிகள் புலம்புவதெல்லாம் விட்டுப் போகிறவரைப் பற்றி. கவலைப்பட வேண்டியது இன்னொருவரைப் பற்றி. ஒன்பது மணிக்கு டாண் என்று வருவார், சொன்னதைச் செய்வார், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார், ஆறு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். முதலாளிக்கு அவர் தங்கமான ஆள். ஆனால் ஆறு மாசத்துக்கு முன்னால் அவர் இப்படி இல்லை. தராசு சரியில்லை, லோடு லேட்டாக வருகிறது, அந்தப் பையனுக்குக் கட்டவே தெரியவில்லை என்று ஏதாவது நச்சரித்துக்கொண்டே இருப்பார். அந்த நச்சரிப்பு என்றைக்கு நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. நின்ற அன்றைக்கே அவர் பாதி வேலையை விட்டுவிட்டார். உடம்பு மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் டைல், போடும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் கரைத்த வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை மெல்ல எடுத்துவிட்டு, காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவினால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் சாந்து போட்டு மட்டம் தட்டி, சட்டத்தைக் கழற்றி ஓரமாக அடுக்குவார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகம் பளபளவென்று இருக்கும். மெஷின் கிடையாது, எல்லாம் கை. அதனால் கல் கணக்கில்தான் கூலி.

இதில் ஒரு கல் கெட்டுப்போக மூன்று வழி உண்டு. வண்ணம் தண்ணியாக இருந்தாலோ, அச்சை அவசரமாகத் தூக்கினாலோ ஒரு நிறம் இன்னொன்றில் ஓடிவிடும். அது கைப்பிசகு. மணலில் வண்டலோ உப்போ இருந்தால் சில வாரம் கழித்து முகத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அல்லது விளிம்பு பொலபொலவென்று உதிரும். அது சரக்குக் கோளாறு. சரியாக ஊறுவதற்குள் தொட்டியிலிருந்து எடுத்தாலும், வண்டியில் முரட்டுத்தனமாக அடுக்கினாலும் மூலை உடையும். அது கல் போட்டவருக்குச் சம்பந்தமே இல்லாத தப்பு.

கணக்குக்காக ஒரு கல்லுக்குப் 10 ரூபாய், நாளைக்கு 100 கல் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மேஸ்திரி எண்ணிப் பார்த்து, "48 கல்லு தேறல" என்று 480 ரூபாயைப் பிடித்துக்கொள்கிறார். அதில் முப்பது கல் மணலால் விளிம்பு உதிர்ந்து போனது. போட்டவருக்கு அது தெரியும். திங்கட்கிழமையே சொன்னார்: "அண்ணே, இந்த லோடு மணல் சரியில்ல, கையில பிசுபிசுங்குது." மேஸ்திரி காதில் வாங்கவில்லை. அடுத்த லோடும் அப்படியே வருகிறது. இந்த முறை அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? சொன்னதற்கும் மரியாதை இல்லை, சொல்லாவிட்டாலும் காசு போகத்தான் போகிறது. இப்போது முதலாளி இழந்தது ஒரு லோடு மணலை மட்டும் என்று நினைத்தால் தப்பு. மணலைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு கையை இழந்துவிட்டார்.

இதைச் சரிசெய்யச் செலவு ஒன்றும் இல்லை. கழித்த கல்லை ஒரே குவியலாகப் போடாமல் மூன்றாகப் பிரித்து வையுங்கள்: நிறம் ஓடியது, உப்புப் பூத்தது அல்லது உதிர்ந்தது, மூலை உடைந்தது. சனிக்கிழமை போட்டவரும் மேஸ்திரியும் சேர்ந்து நின்று எண்ணட்டும். முதல் குவியலுக்கு மட்டும் பிடித்தம், அதிலும் நூற்றுக்கு இரண்டு கல் கழிவு. கை வேலையில் அதுகூடப் போகாது என்று எதிர்பார்ப்பது அநியாயம். மணல் வந்தால் இறக்கும் முன்பே ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் ஆடாமல் வைக்கட்டும். மேலே படிகிற வண்டல், மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினாலே லோடைத் திருப்பிவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யும் பொறுப்பைக் கல் போடுகிறவரிடமே கொடுங்கள். 'ஆகாது' என்று சொல்லும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தை மேஸ்திரியிடம் வைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

1990-ல் வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கோடை முகாமின் ஊழியர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தின் ஊழியர்களையும் கவனித்து ஒரு விஷயம் சொன்னார். மனுஷர் ஒரு வேலையில் மனசை இறக்குவதற்கு முன்னால் தன்னையறியாமல் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறாராம். இதைச் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா? உள்ளதைச் சொன்னால் எனக்கு ஆபத்து வராதா? செய்வதற்கு என்னிடம் தெம்பு இருக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஆள் உள்ளே சுருங்கிக்கொள்கிறார். ஆத்தங்குடிப் பட்டறைக்கு முதல் கேள்வியில் குறையே இல்லை, தான் போட்ட கல் ஒரு வீட்டு முகப்பில் தலைமுறை தாண்டிக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அடி விழுந்தது இரண்டாவது கேள்வியில். சம்பளத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் மருந்து தடவுகிறார்கள்.

சம்பளம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கடையில் ஓடும் மின்விசிறி மாதிரி. ஓடுகிறதே என்று யாரும் உற்சாகமாக வேலை பார்ப்பதில்லை, நின்றுபோனால் வேறு எதுவும் மண்டையில் ஏறாது. சம்பளத் தொகையைவிட அதன் தேதிதான் அதிகம் காயப்படுத்துகிறது. சட்டப்படி மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். பத்தாம் தேதி பாதி, இருபதாம் தேதி மீதி, நடுவில் "பாத்துக்கலாம்ப்பா" என்று போகிற இடத்தில் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் நன்றி கிடைக்காது. கையில் காசு இல்லாத மாசம் எல்லாருக்கும் வரும். வந்தால், 5-ம் தேதியே கூப்பிட்டு "12-ம் தேதி சாயங்காலம் போட்டுருவேன்" என்று தேதியைச் சொல்லிவிடுங்கள். வீட்டு வாடகையும் குழு லோன் தவணையும் கட்ட வேண்டியவருக்கு அந்த ஒரு தேதி போதும், யாரிடமாவது தவணை சொல்லிக்கொள்வார். தீபாவளி போனசும் அப்படியே. சட்டத்தில் இருக்கும் குறைந்தபட்ச 8.33 சதவீதம் என்றால் வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாசச் சம்பளம். அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் அது ஊதியம். கவரில் போட்டு, தட்டில் வைத்து, ஏதோ தர்மம் செய்கிற முகத்தோடு கொடுத்தால் வாங்குகிறவர் மனசில் அது வேறு மாதிரிப் பதிகிறது.

நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக நிற்பதில்லை. மேயர், ஆலன் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்துப்போய் நிற்பது ஒன்று, போனால் நஷ்டம் என்று நிற்பது இரண்டு, போவது முறையல்ல என்று நிற்பது மூன்று. மூன்றாவதற்கு நம் ஊரில் புதிதாகப் பேர் தேட வேண்டாம், செஞ்சோற்றுக் கடன். பிள்ளைக்கு ஆபரேஷன் என்றபோது ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கார் அனுப்பிய ஆச்சியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இருக்கிறவர்கள் செட்டிநாட்டில் நிறையப் பேர். இந்தக் கடன் பலமானதுதான், ஆனால் அந்தத் தலைமுறையோடு தீர்ந்துவிடும். பெரியவர் காலமானதும், சென்னையிலிருந்து வந்து பொறுப்பேற்ற மகனுக்கு அந்தக் கடனில் பங்கு வராது. 'அப்பா காலத்து ஆட்கள், எங்கே போய்விடுவார்கள்' என்று அவர் இருந்தால், இரண்டு வருஷத்தில் தெரியும்.

இரண்டாவது வகையை முன்பணத்தால் உண்டாக்குகிறார்கள். கல்யாண சமையல் குழுக்களில் இது சாதாரணம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, அடுப்புப் பற்றாது, அப்போது 20,000 ரூபாய் கொடுத்து வைத்தால் ஆவணியில் ஆள் வேறு காண்டிராக்டரிடம் போக மாட்டார். உண்மைதான், போக மாட்டார். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி ஊறியது போதுமா என்று விரலால் நசுக்கிப் பார்க்கவும் மாட்டார். பணம் உடம்பைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் தடுப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. முன்பணம் கொடுக்காமல் இந்தத் தொழில் நடக்காது என்பதும் நிஜம். கொடுங்கள். ஒரு மாசக் கூலிக்கு மேல் வேண்டாம். 10,000 என்றால் மாசம் 1,000 வீதம் பத்து மாசம் என்று இரண்டு தாளில் எழுதி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனிலும் தீபாவளி மாசத்திலும் பிடிக்காதீர்கள். நடுவில் போக நினைத்தால் பாக்கியை எப்படிக் கட்டலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆள் உள்ளே நிம்மதியாக உட்காருவார்.

இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் என்று கடை வைத்த நகரத்தார், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த வட்டிக்கடைத் தொழிலைச் சம்பள ஆட்களை வைத்தே நடத்தினார்கள். முதலாளி பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார், பெட்டிச்சாவி ரங்கூனில் ஏஜெண்டின் இடுப்பில் இருக்கும். போனும் கேமராவும் இல்லாத காலம். அந்த ஏற்பாட்டை உற்றுப் பார்த்தால் நாலைந்து விஷயம் தெரியும். ஏஜெண்டுக்குத் தவணை, அதாவது அங்கே இருந்து வேலை பார்க்கும் காலம், பெரும்பாலும் மூன்று வருஷம். சம்பளம் புறப்படும் முன்பே பேசிச் சம்பளச் சீட்டாக எழுதப்படும். ஒரு பகுதி முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும், ஆள் கப்பல் ஏறினாலும் குடும்பம் தவிக்காது. கணக்கு ஐந்தொகையாக (இருப்புநிலைக் குறிப்பாக) ஊருக்கு வந்துகொண்டிருக்கும். தவணை முடிந்து ஊர் திரும்பினால் கணக்கு முடித்து, லாபத்துக்குத் தக்கபடி சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை உண்டு. பிறகு வீட்டில் ஓய்வு, அடுத்த தவணைக்கு இதே கடையா வேறு கடையா என்பது இரண்டு பக்கமும் புதிதாகப் பேசிக்கொள்வது. பெட்டியடிப் பையனாக, அதாவது கல்லாப் பெட்டிப் பக்கத்தில் எடுபிடியாகப் போனவன் கணக்கு கற்று, ஏஜெண்டுக்கு அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி, ஒருநாள் தானே கடை வைக்கலாம் என்ற படிக்கட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

இதைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. மூன்று வருஷம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காத வாழ்க்கை அது. தப்புச் செய்தால் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், பேர் கெட்டுப்போகும் என்ற பயமும் விசுவாசத்தில் பாதி. சொந்த சமூகத்துக்குள்ளேயே நடந்ததால்தான் அந்தப் பிடி வேலை செய்தது. கடன்பட்ட பர்மா விவசாயிக்கு இதே ஏற்பாடு எப்படித் தெரிந்திருக்கும் என்பது வேறு கதை. ஆனாலும் தவணை, எழுத்து, கணக்கு முடிப்பு என்ற மூன்றையும் இன்றைக்கு ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கும் கொண்டுவரலாம். இன்றைய வேலைகளில் இல்லாமல் போனது கணக்கு முடிப்பு. 'நல்லா பாருப்பா, பாத்துச் செய்யுறேன்' என்று முதலாளி சொன்ன நாளிலிருந்து அவர் மறந்துவிடுகிறார், கேட்டவர் எண்ண ஆரம்பிக்கிறார். எழுதாத வாக்குறுதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும்.

செய்வதற்கு முறை உண்டு. மூன்று மாசத்துக்கு ஒருமுறை, ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம், கல்லாவுக்குப் பக்கத்தில் இல்லாமல் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். தீபாவளிக்கு முதல் வாரம் வேண்டாம், எல்லார் கண்ணும் போனஸ்மேல் இருக்கும், எவரும் வாய் திறக்க மாட்டார். "ஏதும் குறை இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே" என்றுதான் வரும். கேள்வி வேலையைத் தொட வேண்டும். "போன வாரம் எந்த வேலையை ரெண்டாம் தடவை செய்யுறாப்புல ஆச்சு?" "எதுக்காகக் காத்துக்கிட்டு நின்னீக?" "என்ன சாமான் இல்லாம சமாளிச்சீக?" இப்படிக் கேட்டால் கிழிந்த கையுறையும், சாவி ஒருவரிடமே இருப்பதும், பில் போடும் கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடுவதும் தானாக வெளியே வரும். வந்ததில் ஒன்றையாவது ஏழு நாளுக்குள் சரிசெய்யுங்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம், அடுத்த முறை நிச்சயம் "ஒண்ணுமில்லண்ணே"தான்.

பழைய வீடுகளை ஓட்டல் ஆக்கியிருக்கும் இடங்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மனசு விடுவது பெரும்பாலும் டிப்ஸிலும் நேரத்திலும். காலை ஆறு முதல் பதினொன்று, மறுபடி மாலை ஆறு முதல் ராத்திரி பத்தரை என்று உடைத்த ஷிப்ட் போட்டால், பேப்பரில் ஒன்பதரை மணி நேரம், ஆளுக்குப் பதினாறரை மணி நேரம். கடைசி பஸ் போய்விடும். நடுவில் படுக்க ஒரு அறையும், ராத்திரி கொண்டுபோய் விட வண்டியும் இல்லாமல் உடைத்த ஷிப்ட் போடவே கூடாது. கானுடைய மூன்றாவது கேள்வி, தெம்பு, இங்கேதான் அடிபடுகிறது. டிப்ஸில், வெளியே பரிமாறுகிறவர் கைக்கு நோட்டு போகும், உள்ளே அம்மியில் அரைத்தவருக்கு ஒன்றும் போகாது. கோழிக் குழம்பைப் பாராட்டித்தானே அந்தக் காசு வந்தது? உண்டியல் வைத்து, சப்ளைக்கு 5 பங்கு, சமையலுக்கு 4, பாத்திரம் கழுவுகிறவருக்கும் ரூமுக்கும் 3 என்று ஆட்களே உட்கார்ந்து முடிவு பண்ணட்டும். வாரக் கணக்கு சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். முதலாளி குடும்பத்துக்கு அதில் பங்கு கிடையாது.

டிசம்பரில் வெளிநாட்டுக் கூட்டம் வந்து நிற்கும், சித்திரை வெயிலில் ஒருவரும் இல்லை. ஏப்ரலில் 'நாளையிலேருந்து வர வேண்டாம்' என்று சொல்லி அனுப்பியவர் நவம்பரில் கூப்பிட்டால் திருப்பூரில் இருப்பார்.

ஜவுளிக் கடைக்கு ஒரு வார்த்தை. நாள் முழுக்க நிற்கிற ஆட்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், பல இடங்களில் அதன்மேல் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்தால் யார் உட்காருவார்கள்? கூட்டம் இல்லாத மதியம் இரண்டு மணிக்கு சூப்பர்வைசரே முதலில் உட்கார வேண்டும், வேறு வழி இல்லை.

லீவு விஷயத்தில் ஊர் தெரிந்தவர் கெட்டுப்போவதில்லை. காப்புக் கட்டிய ஊர்க்காரரை வெளியூர் டெலிவரிக்கு அனுப்பினாலோ, சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று அந்தப் பக்கத்து ஆளுக்கு டூட்டி போட்டாலோ, வருவார், ஆனால் அந்த வருஷம் முழுக்க அது அவர் தொண்டையில் நிற்கும். ஜனவரியிலேயே ஒரு காலண்டரைச் சுவரில் மாட்டி, அவரவர் ஊர்த் திருவிழா தேதியை அவரவரே எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே நாளில் மோதினால் அப்போதே தெரியும், பேசித் தீர்க்க மாசக்கணக்கில் நேரம் இருக்கும்.

குடும்பத் தொழில்களில் ஆள் உடைகிற இன்னொரு நாள், முதலாளியின் மருமகனோ தம்பி மகனோ வந்து மேலே உட்காருகிற நாள். இருபது வருஷம் பார்த்தவருக்கு, போன வாரம் வந்தவர் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். குடும்பத்து ஆள் வரக் கூடாது என்று சொல்ல முடியாது, தொழில் அவர்களுடையது. வரப்போவதை முன்கூட்டியே மூத்த ஆளிடம் நேரில் சொல்லி, வருகிறவரை ஒரு வருஷம் அவர் கீழேயே விடுங்கள். லோடு இறக்கட்டும், ஸ்டாக் எடுக்கட்டும், வசூலுக்குப் புதுவயல், தேவகோட்டை என்று அலையட்டும். பெட்டியடியில் உட்காராமல் ஏஜெண்டாக முடியாது என்று இருந்த ஊருக்கு இது பெரிய விஷயமா?

இவ்வளவு செய்தும் சிலர் போவார்கள். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தவரும், துபாய் விசா வந்தவரும் போகத்தான் செய்வார்கள். போகிற ஆளுக்கு இரண்டு நாளில் பாக்கியைத் தீர்த்து, வேலை பார்த்த வருஷத்தை எழுதி ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். 'அடுத்த மாசம் வந்து வாங்கிக்க' என்று இழுத்தால், இழுப்பது அவர் ஒருவரை என்று நினைக்காதீர்கள், மிச்சம் இருக்கிற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஆள் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், "அண்ணே, இங்கயே இருந்துக்கிறவா?" என்று கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம். பழைய சம்பளத்தோடு கொஞ்சம் சேர்த்துக்கூடக் கொடுக்கலாம். ஆனால் விடாமல் நின்ற ஆட்களின் சம்பளத்தை அதே நாளில் அவருக்கு மேலாக்கிவிட்டுப் பிறகு அவரை உள்ளே கூப்பிடுங்கள்.